சிவப்பு நூலில் தைத்த பொத்தான்

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு நடந்தது இது. வன்னியில் ஒரு சிறு பட்டணம். அங்கே மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றின் முன்னறையில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விபரங்களை எழுதி வைக்கிற வேலை நடந்து வந்தது. அதை நடத்தியவர் மங்களேஸ்வரி. நாற்பத்திரண்டு வயது. முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் ஊர் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டது.

அவரிடம் வேலை பழகியவர் ஏகாம்பரத்தார். தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ரீச்சரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மகன் நிமலனைத் தேடிக்கொண்டு அந்த அறைக்கு வந்தார். கையெழுத்து நன்றாக இருந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

"உங்கட எழுத்து கலியாணக் கடிதாசி மாதிரிக் கிடக்கு ஐயா," என்பார் ரீச்சர். "வாசிக்கிறவன் சாப்பாடு எத்தினை மணிக்கு எண்டு கேக்கப் போறான்."

ரீச்சரின் முறை எளியது. தேடி வருகிறவரைக் கதிரையில் இருத்த வேண்டும். கேட்க வேண்டும். எழுதியதை அவருக்கே உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவர் "ஓம்" என்ற பிறகுதான் கையெழுத்து. "நினைவில்லை" என்றால் வற்புறுத்தக் கூடாது. இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரத்தார் எழுதிய விபரக் கோவைகளில் பரிமளத்தினுடையதும் ஒன்று. அவளுடைய ஒரே மகன் குகதாஸ். கடைசியாகப் போனபோது என்ன உடுத்திருந்தான் என்று கேட்டால், "ஒண்டும் நினைவில்லை ஐயா," என்று அழுதுவிட்டுப் போய்விடுவாள். ஆறு தடவை வந்தாள். ஏழாம் தடவை ஏகாம்பரத்தார் சட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்கட வீட்டில பொத்தான் தைக்கிறது ஆர்?" என்று கேட்டார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நான்தான். அண்டைக்கு வெள்ளை நூல் இல்லை ஐயா. நீலக் கோட்டுச் சட்டை. கழுத்துப் பொத்தானை சிவப்பு நூலில தைச்சனான். பொம்பிளைப் பிள்ளையின்ர சட்டை மாதிரிக் கிடக்கு எண்டு கத்திப்போட்டுத்தான் போட்டவன்."

அதை அவர் அப்படியே எழுதினார். அவள் "ஓம்" என்றாள்.

அதன் பிறகு காட்டுக்கரையில் ஒரு புதைகுழி தோண்டினார்கள். அங்கிருந்து எடுத்த உடுப்புகளை நீதிமன்றம் ஒரு மண்டபத்தில் பரப்பி வைத்து, உறவினர்களைப் பார்க்கச் சொன்னது. முதல் தடவை இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை அடையாளம் கண்டார்கள். அவர்களின் இரத்தம் எடுத்து எலும்போடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். சில மாதத்தில் எலும்புகளோடு ஆளுக்கொரு சிறிய பெட்டி வந்தது. செத்தவீடு நடந்தது, எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலும் நடந்தது. அந்த இரண்டு கோவைகளிலும் கடைசித் தாளை எழுதியவர் ஏகாம்பரத்தார்.

இரண்டு வீட்டிலும் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஊரில் ஒருவர் மற்றவரின் கல்வீட்டைப் பார்த்து எரிவார். மற்றவரின் மகன் வெளிநாடு போனதைப் பார்த்து எரிவார். ஏகாம்பரத்தார் அந்தப் பெட்டியைப் பார்த்து எரிந்தார். அதை ஆரிடம் போய்ச் சொல்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற தகப்பனின் தோளையே பார்த்துக்கொண்டு சுடலை வரைக்கும் நடந்தார். தன் தோள் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை உடுப்புகளைப் பரப்பினார்கள். இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்கள். முதல் நாள் காலையில் மண்டபம் திறந்ததும் முதலில் உள்ளே போனவர் ஏகாம்பரத்தார்.

மூன்றாவது மேசையில் அது கிடந்தது. மண் நிறமாகிப் போன சட்டை. நீலக் கோடு அங்கங்கே தெரிந்தது. கழுத்துப் பொத்தானில் சிவப்பு நூல்.

அது ஆருடையது என்று அவருக்குத் தெரியும். அவர் கையாலேயே எழுதியது.

"ஐயா, என்ன அடையாளம் ஏதும் தெரியுதோ?" என்று பக்கத்தில் வந்து கேட்டார் நீதிமன்ற உத்தியோகத்தர்.

"தெரியுது," என்றார் ஏகாம்பரத்தார். "என்ர மகன்ர."

உத்தியோகத்தர் இலக்கத்தோடு நீலக் கோடு, சிவப்பு நூல் என்றும் குறித்து ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சட்டையைப் பையில் போட்டு உள்ளறைக்குக் கொண்டு போனார். மேசையில் சட்டை கிடந்த இடம் வெறுமையாக இருந்தது.

பத்தரை பஸ்ஸில் பரிமளம் வந்தாள். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். மூன்றாம் தடவையும் சுற்றி வந்துவிட்டு, வாசலில் நின்ற ஏகாம்பரத்தாரிடம் வந்தாள். முகம் பூத்திருந்தது.

"இல்லை ஐயா! அவன்ர ஒண்டும் இல்லை. அப்ப எங்கயோ இருக்கிறான் எண்டுதானே?"

ஏகாம்பரத்தார் தலையை ஆட்டினார். ஆம் என்பது போலவும் இருந்தது, இல்லை என்பது போலவும் இருந்தது. அவள் அவருக்கும் சேர்த்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

மத்தியானம் அவர் ரீச்சரின் மேசைக்கு முன்னால் துண்டை வைத்தார்.

ரீச்சர் வாசித்தார். துண்டை இன்னொரு தடவை வாசித்தார். அந்த அறையிலிருந்த எல்லாக் கோவைகளையும் படித்தவர் அவர். தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"நல்லது. விபரத்தை எழுதிப்போடுவம். இருங்கோ ஐயா."

"இல்லை ரீச்சர், நிண்டபடியே சொல்லுறன்."

"சட்டை என்ன நிறம்?"

"நீலக் கோடு."

"கழுத்துப் பொத்தான் என்ன நூல்?"

"சிவப்பு."

"ஏன் சிவப்பு?"

ஏகாம்பரத்தார் சுவரைப் பார்த்தார். "வெள்ளை நூல் இருக்கேல்லை."

"மகன் என்ன சொன்னவர்?"

பதில் இல்லை.

"அதைப் போடேக்க ஏதோ சொல்லியிருப்பார்தானே ஐயா?"

ரீச்சர் எழுதினார். பிறகு உரக்க வாசித்தார்.

"எனது மகன் நிமலன் கடைசியாகப் போனபோது நீலக் கோட்டுச் சட்டை அணிந்திருந்தார். அதன் கழுத்துப் பொத்தான் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது." நிமிர்ந்தார். "ஓமோ?"

வெளியே ஒரு லொறி போயிற்று. அதன் சத்தம் ஓயும்வரை ரீச்சர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஓமோ ஐயா?"

ஏகாம்பரத்தார் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இரத்தம் பாத்தால் பிடிபடும் எண்டு தெரியும் ரீச்சர். தெரிஞ்சுதான் சொன்னனான். அதுவரைக்கும், ஒரு மூண்டு மாதமாவது, எனக்கும் ஒரு எலும்பு இருந்திருக்கும்."

ரீச்சர் தாளைக் கிழிக்கவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மண்டபம் அஞ்சு மணிக்குப் பூட்டுவினம். பரிமளம் அக்கான்ர வீடு உங்களுக்குத் தெரியும்தானே?"

ஏகாம்பரத்தார் ஓட்டோ பிடித்துப் போனார். பரிமளம் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சட்டி அவள் கையிலிருந்து நழுவி உருண்டது.

"ஏழு நாள் என்ர வாயைப் பாத்துக்கொண்டு கேட்டீரே," என்றாள். "இதுக்கோ?"

ஓட்டோவில் அவருக்கு முதுகைக் காட்டி இருந்தாள்.

மண்டபத்தில் பையைத் திறந்து சட்டையை எடுத்து வைத்தார்கள். அவள் பொத்தானை மட்டும் தொட்டாள். அழவில்லை. தன் பெயருக்கு வேறு துண்டு எழுதி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலில் ஏகாம்பரத்தாரைக் கண்டதும் நின்றாள்.

"பத்தரை மணியில இருந்து இவ்வளவு நேரமும் அவனை உயிரோட வைச்சிருந்தீர்," என்றாள். "அதுக்கு உம்மை என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை ஏகாம்பரத்தார் அறைக்கு வந்தார். தன் பேனையையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பையில் போட்டார்.

"எங்க ஐயா போறீங்கள்?" என்றார் ரீச்சர்.

"நான் இந்த வேலைக்கு ஆகாத ஆள்."

"அது பிறகு பாப்பம்."

ஏகாம்பரத்தார் பையோடு நின்றார். "ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"எனக்குப் பொறாமை அந்தச் சட்டையில எண்டுதான் நேற்று வரைக்கும் நினைச்சிருந்தனான். ராத்திரி யோசிச்சன். அவளுக்கு ஒரு நூலின்ர நிறம் நினைவிருக்கு. அவன் கத்தினது நினைவிருக்கு. எனக்கு என்ர பிள்ளை என்ன உடுப்போட போனான் எண்டே தெரியாது. அவளுக்கு இருக்கிறது எனக்கு ஏன் இல்லை?"

ரீச்சர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். நிமலனின் கோவையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மெல்லிய கோவை. இரண்டே தாள். அழகான கையெழுத்து. 'உடை' என்ற இடத்தில் 'தெரியாது' என்றிருந்தது.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான்."

"கேட்டது?"

"ஆர் கேக்கிறது? நானே கேட்டு நானே எழுதினன். நீங்கள் அண்டைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தீங்கள். அரை மணித்தியாலத்தில முடிஞ்சுது."

"வாசிச்சுக் காட்டினது?"

ஏகாம்பரத்தார் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பரிமளம் அக்கா பொத்தானைச் சொன்னது எத்தினையாம் நாள்?"

"ஏழாம் நாள்."

ரீச்சர் அந்த இரண்டு தாளையும் ஓரமாக வைத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தேடி வருகிறவர்கள் இருக்கிற கதிரையைக் கையால் காட்டினார். நான்கு வருடமாக அந்தக் கதிரையை மற்றவர்களுக்கு இழுத்துப் போட்டவர் ஏகாம்பரத்தார். ஒருநாளும் அதில் இருந்ததில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

ரீச்சர் பேனையைத் திறந்தார்.

"இண்டைக்கு முதலாம் நாள். சொல்லுங்கோ ஐயா, உங்கட வீட்டில உடுப்புத் தோய்க்கிறது ஆர்?"