ராஜாவின் ஒரே பெட்டி

முன்னொரு காலத்தில், மாட்டு வண்டியும் பல்லக்கும் தவிர வேறு வாகனம் இல்லாத நாளில், உதயகண்டன் என்று ஒரு மகாராஜா இருந்தார். நல்லவர், நியாயம் தவறாதவர். உடை என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் கிறுக்கு. ஒரு நாள் போய்விட்டு வரும் ஊருக்கும் அவரோடு நாற்பது பெட்டி துணி கிளம்பும். பெட்டிகள் எல்லாம் ஏறிய பிறகுதான் ராஜா வண்டி ஏறுவார்.

தன் ஒரே மகள் மதுரவல்லியை அவர் மலைநாட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். போன வருஷம் மருமகனுக்கு முடிசூட்டு விழா. ராஜா கிளம்பினார். வழியில் ஆற்று மணலில் பெட்டி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்துவிட்டன. அவற்றைத் தூக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தம் ராஜாவின் மனசில் முள்ளாகக் கிடந்தது.

இப்போது பேத்தி பிறந்திருந்தாள். மகளிடமிருந்து ஓலை வந்தது.

'அப்பா, பௌர்ணமியன்று குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம். ஒரே பெட்டியோடு வருவதானால் வாருங்கள். இல்லாவிட்டால் பெட்டிகளை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் அங்கேயே இருந்துகொள்ளுங்கள்.'

ராஜா சபையைக் கூட்டினார். "ஒரே பெட்டிதான்! முடிவு செய்துவிட்டோம். ஆனால் எமக்கு வேண்டிய உடைகளில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. யார் அடுக்கித் தருகிறீர்கள்?"

சபையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உடுப்பறை அதிகாரி தாண்டவராயருக்கு மட்டும் கண் பளபளத்தது. போன வாரம்தான் அரண்மனை விகடன் அம்பலக்கூத்தன், "உடுப்பறையில் பட்டு தின்கிற பூச்சிகள் நம் அதிகாரியைவிடக் கொழுத்திருக்கின்றன, பாவம், அவருக்குப் பரிமாற ஆளில்லை போலும்" என்று சொல்லி, சபையே சிரித்திருந்தது.

தாண்டவராயர் எழுந்து கும்பிட்டார். "மகாராஜா, தங்களுக்கு நூற்றுப் பதினோரு உடைகள் உண்டு. அத்தனையும் வேண்டியவையே. இது எம்போன்றவர் அறிவுக்கு எட்டாத காரியம். அறிவில் மிஞ்சியவர் அம்பலக்கூத்தர் இருக்கிறாரே! அவர் அடுக்கட்டும். முடியாவிட்டால் விகடர் பதவியை விட்டு விலகட்டும்."

"அம்பலக்கூத்தா, சம்மதமா?" என்றார் ராஜா.

எல்லார் கண்ணும் தன்மேல் இருக்க, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "உத்தரவு, மகாராஜா. ஆணையை எழுத்தில் தந்தால் போதும்" என்றான் விகடன்.

ஓலைக்காரர் எழுதினார்: 'மகாராஜாவுக்கு வேண்டிய உடைகள் யாவும் இந்த ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். வேறு பெட்டியோ மூட்டையோ கூடாது. மூடி நன்றாக மூட வேண்டும்.' பெட்டியைத் தாண்டவராயரே பொறுக்கி எடுத்தார். இரண்டு முழ நீளம், முழங்கால் உயரம்.

அம்பலக்கூத்தன் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தான். தன் வேட்டி, துண்டு, மனைவி பூங்கோதையின் சேலைகள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அடுக்கிப் பார்த்தான். மடித்து வைத்தால் பன்னிரண்டிலேயே பெட்டி நிறைந்தது. வெற்றிலைச் சுருள் மாதிரி இறுக்கிச் சுருட்டி நிறுத்தினால் பத்தொன்பது போயிற்று. தலைப்பாகையின் குழிக்குள் துண்டுகளைத் திணித்தான், செருப்பை ஓரத்தில் செருகினான். மூடிமேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தான். இருபத்திரண்டுக்குமேல் ஒரு நூல்கூட நுழையவில்லை. பதவி போய்விட்டால் பிழைப்புக்கு என்ன வழி? விகடம் ஒன்றைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

பூங்கோதை அடுப்படியிலிருந்து வந்தாள். "எங்க அண்ணன் ஊருக்குப் போறதுக்கா இந்த ஒத்திகை? ரெண்டு நாளைக்கு இவ்வளவா?"

"நீ வேற, சும்மா இரு பூங்கோதை."

அவள் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "இந்தச் சரிகைத் துண்டு வேணுமா? எங்க அண்ணன் வீட்டுத் தோட்டத்துல யாருக்குக் காட்டப்போறீங்க?"

"வேண்டாம்."

"இந்தக் கெட்டி அங்கி? அங்க கொளுத்துற வெயிலுக்கு?"

"வேண்டாம், வேண்டாம்" என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். அவள் முகத்தையே பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"என்ன, பைத்தியம் புடிச்சிருச்சா?"

"பிடித்திருந்தது, இப்போது தெளிந்துவிட்டது. ஒரு நல்ல பூசணிக்காய் இருக்கிறதா?"

மறுநாள் காலையில் அம்பலக்கூத்தன் அந்தப் பூசணிக்காயை மெல்லிய துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு சபைக்கு வந்தான்.

"மகாராஜா, பெட்டியில் வைக்குமுன் ஒவ்வோர் உடையையும் தாங்கள் ஒருமுறை உடுத்திப் பார்க்க வேண்டும். போகிற இடத்தில் சரியில்லை என்றால் மாற்ற முடியாதல்லவா?"

உடை உடுத்த ராஜாவுக்குக் கசக்குமா! தாண்டவராயர் முதலில் முத்துப் பதித்த பச்சை அங்கியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். ராஜா மிடுக்காக நடந்து காட்டினார்.

"அபாரம்! இனி, தங்கள் பேத்தி" என்று விகடன் பூசணிக்காயை நீட்டினான்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பத்திரமாக வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டார். மறுகணமே முகம் சுருங்கியது. "அடடா, இந்த முத்தெல்லாம் குழந்தையின் கன்னத்தில் உறுத்துமே! இது வேண்டாம்."

"குறித்துக்கொள்ளும்" என்றான் விகடன், ஓலைக்காரரிடம்.

அடுத்தது கழுத்துவரை பொத்தான் வைத்த சிவப்பு உடை. அதைப் போட்டுக்கொண்டு தொட்டில் பக்கம் குனியவே முடியவில்லை. வேண்டாம். சரிகைச் சட்டை பூசணிக்காயில் கீறல் போட்டது. ராஜா பதறிப்போய் அந்தக் கீறலைத் தடவிக் கொடுத்தார். வேண்டவே வேண்டாம். அகில் புகையூட்டிய சால்வை குழந்தைக்குத் தும்மல் வரவழைக்குமாம். பொன்னிறப் பட்டின் நீளக் கை தொட்டில் கயிற்றில் மாட்டும்.

தாண்டவராயர் விடவில்லை. "மகாராஜா, இது தங்கள் திக்விஜயத்து அங்கி! இதில்லாமல் எப்படி?"

"குழந்தையிடம் போய்ப் போரா செய்யப்போகிறோம்? வேண்டாம் என்றால் வேண்டாம்!"

வெயில் ஏற ஏற ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு உடுத்திக்கூடப் பார்க்கவில்லை. பூசணிக்காயைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, தூரத்திலிருந்தே "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டினார். கடைசியில் ஒன்பதுதான் தேறின. துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன பருத்தி வேட்டி ஐந்து, துண்டு இரண்டு, மலைக்குளிருக்கு ஒரு கம்பளிச் சால்வை, பெயர் வைக்கும் நாளுக்கு ஒரு பட்டு வேட்டி.

அம்பலக்கூத்தன் ஒன்பதையும் இறுக்கிச் சுருட்டிப் பெட்டிக்குள் நிறுத்தினான். பாதிப் பெட்டி காலியாகவே இருந்தது. ஒரே விரலால் மூடியை மூடினான்.

"மோசடி!" என்று தாண்டவராயர் கத்தினார். "நூற்றிரண்டு உடைகள் வெளியே கிடக்கின்றன! ஆணையை நிறைவேற்றவில்லை!"

"ஓலைக்காரரே, ஆணையைப் படியும்" என்றான் விகடன்.

"மகாராஜாவுக்கு வேண்டிய உடைகள் யாவும்..."

"அங்கே நிறுத்தும். இன்று காலை மகாராஜா திருவாயால் எத்தனை உடைகளை வேண்டாம் என்றார்?"

"நூற்றிரண்டு உடைகளை. சிலவற்றை மும்முறை."

"வேண்டியது உள்ளே இருக்கிறது. வேண்டாதது வெளியே இருக்கிறது. வேண்டாததையும் அடுக்கச் சொல்லி ஆணை உண்டா, அதிகாரியாரே?"

தாண்டவராயர் ஓலையை வாங்கித் தாமே ஒருமுறை படித்துப் பார்த்தார். ராஜா முதலில் விழித்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. "எம் வாயாலேயே எம் பெட்டியைக் காலி செய்துவிட்டானே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாண்டவராயரே, மீதி இடத்தில் உமக்கும் நாலு வேட்டி வைத்துக்கொள்ளும். நீரும் வாரும்."

ஒரே வண்டியில் ராஜாவும் அதிகாரியும் விகடனும் ஏறினார்கள். ஆற்று மணலை அது ஓட்டமாகவே கடந்தது. பௌர்ணமிக்கு முந்திய நாள் பொழுது சாயுமுன் மலைநாட்டு அரண்மனை வாசலில் போய் நின்றது. மதுரவல்லி குழந்தையோடு வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். மலைப்பாதையை வளைவுவரை உற்றுப் பார்த்தாள்.

"மற்றதெல்லாம் எப்போது வரும் அப்பா?"

"இவ்வளவுதான் அம்மா."

 அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். ராஜா அதன் தலையைத் தன் தோளில் மெல்லச் சாய்த்துக்கொண்டார். அந்த நல்ல நேரம் பார்த்துப் பேத்தி, தாத்தாவின் துண்டையும் வேட்டியையும் மார்பிலிருந்து முழங்கால்வரை நனைத்துவிட்டாள்.

தாண்டவராயர் "ஐயையோ!" என்று ஓடிவந்தார்.

"அம்பலக்கூத்தா, மாற்று இருக்கிறதா?" என்றார் ராஜா, குழந்தையை இறக்காமலே.

"வழியில் அழுக்கானது போக, இன்று இரண்டு தடவைக்கு இருக்கிறது, மகாராஜா. இளவரசி மூன்றாவது தடவைக்குத் திருவுளம் கொண்டால், அதிகாரியாரின் வேட்டியைத்தான் கேட்க வேண்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் வண்டி மாடுகள் மிரண்டன. மதுரவல்லியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். ராஜா ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மறு கையால் தன் நவரத்தினக் கடகத்தைக் கழற்றி விகடனின் கையில் மாட்டினார்.

"இது குழந்தையின் முதுகில் உறுத்துகிறது. நீயே வைத்துக்கொள்" என்றார்.