படித்துறையில் விட்ட செருப்பு

குளத்தங்கரை மடத்தை நடத்திவந்த வடிவம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆறுமுகநயினாருக்கு அறுபத்தொன்று. பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். மடத்துக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. நயினார் வடிவம்மையை அம்மா என்பார். வடிவம்மை அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

நயினார் வீட்டை விட்டு இறங்கி இரண்டு வருஷம். மைத்துனன் வீட்டு விசேஷத்தில் மனைவி பத்துப் பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் இப்போது அவருக்கே சரியாகச் சொல்ல வராது. கோபத்தை மட்டும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

அன்று காலை மகள் மடத்துக்குப் போன் செய்தாள். அவள் அம்மாவுக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷன்.

போனை வைத்துவிட்டு நயினார் வடிவம்மை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"‘ஒங்க அம்மா என்னை வரச் சொன்னாளா’ன்னு மககிட்ட கேட்டேன். இல்லையாம். ‘அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கான்னு கேளு’ன்னு மட்டும் சொன்னாளாம்."

வடிவம்மை அவர் முகத்தைப் பார்த்தார்.

"போகணும்னு இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கும்மா. ஆனா எப்படிப் போக? அன்னைக்குப் பையைத் தூக்கிட்டு இறங்கும்போது பின்னாலயே ஓடி வந்தா. ‘எங்க போறீய? எப்ப வருவீய?’ன்னு கேட்டா. தெருவே பாத்துக்கிட்டு நிக்கி. வச்ச காலைப் பின்னால வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்லா."

"சொன்னதை மாத்தினா என்ன?"

"யாரு, நானா?" நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன். கடைசி ஸ்டாப்புல மத்தவனெல்லாம் ரிவர்ஸ் எடுத்துத்தான் வண்டியைத் திருப்புவான். நான் அங்க நிக்கிற வேப்பமரத்தைச் சுத்தி ஒரே வெட்டு. ரிவர்ஸ் எடுக்கிறது நம்ம ரத்தத்துலயே கிடையாது."

பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"சொன்ன சொல்லும் கெடாம, வீட்டுக்கும் போற மாதிரி ஒரு வழி இருந்தாச் சொல்லுங்கம்மா."

வடிவம்மை எழுந்தார்.

"வாங்க, ஒரு நடை போயிட்டு வருவோம்."

"எனக்கு இருக்கிற இருப்புல நடையா?"

"லேசான நடைதான். சின்னப் பிள்ளைகளே நடக்கும்."

குளத்துப் படித்துறையில் வடிவம்மை செருப்பைக் கழற்றினார். "மணல்ல இழுக்கும். நீங்களும் இங்கேயே விட்டுருங்க."

"எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

வடிவம்மை அவருடைய தேய்ந்த செருப்பை ஒரு தடவை பார்த்தார். நயினார் கழற்றி வைத்தார்.

குளம் முடிந்த இடத்தில் தேரி தொடங்கியது. சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடந்தது. கால் கணுக்கால் வரை புதைந்தது. நயினாருக்கு மூச்சு வாங்கியது.

"எந்த இடத்துலம்மா திரும்பணும்?"

"நடங்க அண்ணாச்சி."

தேரி தாண்டி முந்திரியும் பனையும் அடர்ந்த காடு. நிழல் நன்றாக இருந்தது. நயினார் காலில் உடைமுள் ஒன்று தைத்தது. ஒரு பனையில் சாய்ந்து நின்று பிடுங்கிப் போட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சா மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடணுமாம். மக வேலைக்குப் போறவ. யாரு விடுவா?" என்றார்.

வடிவம்மை அவர் நடக்கட்டும் என்று முன்னால் வழிவிட்டார்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் கடல். நயினார் அலையில் காலை நனைத்தார். "அப்பாடா!" என்றார். பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அந்தத் தேரியில இன்னொரு தடவை ஏற என்னால ஆகாதும்மா. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி, ஏற வேண்டாம்" என்று வடிவம்மை ஈர மணலில் தெற்கே நடந்தார்.

நண்டுகள் வளைக்குள் ஓடின. வெகுதூரம் போனபின் தாழம்புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று பிரிந்தது. அதில் போய்க்கொண்டே இருந்தார்கள். நயினார் மகளைப் பற்றி, வண்டி ஓட்டிய காலத்தைப் பற்றி என்னென்னவோ பேசினார். எப்போது திரும்புவது என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

பாதை ஒரு கரையில் ஏறியது. கீழே தண்ணீர் மின்னியது.

"இது எந்தக் குளம்மா?"

வடிவம்மை நடந்தார். நாலு எட்டு வைத்ததும் படித்துறை தெரிந்தது. அதில் இரண்டு ஜோடிச் செருப்பு.

"அட! நம்ம குளம்!"

"எந்த இடத்துல திரும்பினோம் அண்ணாச்சி?"

நயினார் யோசித்தார். தேரியில் இல்லை. முள் தைத்த இடத்தில் இல்லை. கடற்கரையிலும் முன்னோக்கித்தான் நடந்தார்கள்.

"எங்கயும் திரும்பலியேம்மா. வச்ச காலைப் பின்னால வைக்கவே இல்ல." சட்டென்று சிரித்துவிட்டார். "நம்ம வேப்பமரத்துச் சுத்துல்லா இது! இத்தனை வருஷம் சுத்தியும் எனக்கு உறைக்கலையே."

சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"வழி சரிதாம்மா. ஆனா வாசல்ல போய் நிப்பேன்லா. ‘எப்ப வருவீய’ன்னு அன்னைக்குக் கேட்டவதான் கதவைத் திறப்பா. அவ மூஞ்சியைப் பாத்து நான் என்ன சொல்ல?"

வடிவம்மை குனிந்து நயினாரின் செருப்பை எடுத்தார். மணலைத் தட்டினார்.

"ஐயையோ, நீங்க போய் இதைத் தொடுறதா!" என்று நயினார் பதறினார்.

வடிவம்மை அதை அவர் கால் பக்கம் வைத்தார்.

"ஒரு சுத்து நடக்கப் போனேன், கொஞ்சம் நேரமாயிட்டுன்னு சொல்லுங்க."