பத்து மரத்துக் கொடி

ஒரு காட்டில், மலைக்கணவாய்க்குக் கீழே ஓர் ஏரி இருந்தது, பிள்ளைகளே. பனி இறங்கும் மாதங்களில் அந்தக் கணவாய் வழியாகச் செந்நாய்கள் வரும். அவை குரைப்பதில்லை, சீட்டி அடிக்கும். ஏரிக்கரையில் சீட்டி கேட்டால், அதற்குப் பிறகு ஓட நேரம் இருக்காது.

போன ஆண்டு ஒரு புள்ளிமான் தன் குட்டியை அப்படித்தான் பறிகொடுத்தது. இந்த ஆண்டு அதற்கு இரட்டைக் குட்டிகள். அது நேரே யானை அரசனிடம் போய் நின்றது.

"அரசே, அவை கணவாயில் கால் வைக்கும்போதே எங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் போதும், ஓடிப் பிழைத்துக்கொள்வோம்."

யானை ஒரு வழி யோசித்தது. கணவாயிலிருந்து ஏரிவரை பத்துப் பெரிய மரங்கள். மரத்துக்கு மரம் கொடி கட்டி, ஒவ்வொன்றிலும் காய்ந்த வாகை நெற்றுக் கொத்தைத் தொங்கவிட வேண்டும். மேலே காவலிருக்கும் மந்தி கொடியை இழுத்தால், கீழே ஏரிக்கரையில் நெற்று கலகலக்கும்.

வேலையை ஏற்க வந்தது கரிச்சான் குருவி. யார் குரலையும் அப்படியே பேசும் பறவை அது.

"முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அரசே! கூலியாக உங்கள் அத்திமரத்தின் உச்சிக்கிளை போதும்."

"பொறு," என்றது யானை. "வேலை தெரிந்த ஒருவர் பொறுப்பாளராக மலையிலேயே தங்க வேண்டும். அவரை மாற்றுவதென்றால் சபைக்குச் சொல்ல வேண்டும். எட்டு நாளைக்கு ஒருமுறை அவரே தம் வாயால் அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு மரம் கட்டியதும் கொடியை இழுத்துக் காட்ட வேண்டும்."

கரிச்சான் மலையணிலைப் பொறுப்பாளராக நிறுத்தியது. அது நல்ல வேலைக்காரன். பொய் சொல்லத் தெரியாது.

மேற்பார்வைக்கு யானை உடும்பைப் போட்டது. பிடித்தால் விடாது அல்லவா? ஆனால் எதைப் பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா!

முதல் மரத்தைப் பார்க்க உடும்பு வயிறு தேயத் தேய மலையேறியது. மலையணில் கொடியை இழுத்தது. நெற்று கலகலத்தது. திரும்பி வந்த உடும்புக்கு நாலு நாள் உடம்பு வலி.

"இனி ஏற வேண்டாம். அறிக்கைதான் வருகிறதே," என்று அது முடிவு செய்துகொண்டது.

அறிக்கை, மலைச்சரிவுப் பாறையின் மேலிருந்து பனிக்குள் வரும். "ஐயா, நான் மலையணில். இரண்டாம் மரம் முடிந்தது. எல்லாம் நலம்." பிறகு ஒரு கொட்டையைக் கடிக்கும் சத்தம், டக். கீழே இருக்கும் உடும்பு பாறையில் ஒரு கீறல் போடும்.

நாலாம் மரத்து அறிக்கை ஒரு நாள் தாமதமானது. உடும்பு தாம் தூம் என்று குதித்தது. கரிச்சானைக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் தவறினால் வேலையையே நிறுத்திவிடுவேன்!" என்றது.

அன்று மாலையே அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. ஐந்தாம் மரம், ஆறாம் மரம், ஏழாம் மரம். மழையானாலும் காற்றானாலும் அதே குரல். மூச்சுகூட அதே இடத்தில் வாங்கும். அதே டக்.

உடும்பு ஒரு தரம் சந்தேகத்தோடு பனிக்குள் எட்டிப் பார்த்தது. ஆனாலும் கீறல் போட்டது.

"பத்தாம் மரம் முடிந்தது. எல்லாம் நலம்."

கணவாயில் மந்தி காவலுக்கு அமர்ந்தது. ஏரிக்கரையின் கடைசி மரத்தில் அழகான கொத்து ஒன்று தொங்கியது. முள்காட்டுக்குள் ஒளிந்திருந்த மான்கள் குட்டிகளோடு கரைக்கு வந்து மேய்ந்தன. புள்ளிமான் மட்டும் உடும்பிடம் வந்தது.

"உடும்பண்ணா, கொத்து தொங்குகிறது. சோதித்துப் பார்க்கக்கூட ஒரு தடவை ஒலிக்கவில்லையே?"

"பத்து அறிக்கையும் சரியாக இருக்கிறதம்மா."

"நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?"

உடும்புக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை, மானின் வாயை அடைப்பதற்காகவே அது மலையேறியது.

ஒன்பதாம் மரத்தில் கொடி கண்ணில் படவில்லை. பனி மறைக்கிறது என்று நினைத்தது. எட்டாம் மரத்தில் ஏறியே பார்த்தது. வெறும் பட்டை. ஏழு, ஆறு, ஐந்து, எல்லாம் வெறும் மரங்கள். காட்டில் ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை.

நாலாம் மரத்தில், மேலிருந்து வந்த கொடி பாதியில் அறுந்து தொங்கியது. அடியில் சின்னஞ்சிறு எலும்புகள் கிடந்தன. விலாவின் ஊடே புல் முளைத்திருந்தது. பக்கத்தில் செம்பழுப்பாய் ஒரு வால்.

அப்போது தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"ஐயா, நான் மலையணில். எல்லாம் நலம்." டக்.

உடும்பு நிமிர்ந்து பார்த்தது. கிளையில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது.

"இவன் எப்போது செத்தான்?"

"இந்த மரத்தைக் கட்டும்போதுதான். கழுகு அடித்தது," என்றது கரிச்சான், மலையணிலின் குரலிலேயே. "சொன்னால் புது ஆள் கேட்பீர்கள், வேலை நிற்கும், என் உச்சிக்கிளையும் போகும். உங்களுக்கு வேண்டியது இந்தக் குரலும் கரையில் ஒரு கொத்தும்தானே? ஒருநாள் தவறினேனா?"

"உன் குரலில் பேசடா!"

கரிச்சான் வாயைத் திறந்தது. "அது எப்படி இருக்கும் என்று மறந்துபோய்விட்டது, ஐயா," என்றது, அதே குரலில்.

கணவாயில் சீட்டி கேட்டது.

கரிச்சான் பனிக்குள் பறந்து மறைந்தது. முதல் மரத்து நெற்று கலகலத்தது. இரண்டாவது கலகலத்தது. மூன்றாவதும். உடும்பின் முகத்துக்கு நேரே அறுந்த கொடி துள்ளியது. அதைப் பிடித்து இழுத்து என்ன பயன்? உடும்பு கத்திப் பார்த்தது. ஏரிவரை எட்டும் குரல் உடும்புக்கு ஏது? சீறல்தான் வந்தது. மரங்களினூடே சிவப்பு நிழல்கள் அதைத் தாண்டிக் கீழே ஓடின.

மேலே மந்தி, கீழே கேட்கிறது என்று நம்பி, கை கன்றக் கன்ற இழுத்துக்கொண்டே இருந்தது. பாவம்.

உடும்பு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நசுங்கிய புல்லை முகர்ந்தபடி புள்ளிமான் தனியாக நின்றது. அதன் பக்கத்தில் யானை வந்து நின்றிருந்தது.

"வேலை முடிந்தது என்றாயே?" என்று கேட்டது யானை.

"முடிந்ததாக அறிக்கை வந்தது, அரசே."

"யார் சொன்னது?"

உடும்பால் தலை நிமிர முடியவில்லை.

"செத்துப்போனவன் சொன்னான், அரசே."

நீதி: வேலைக்குச் சாட்சி வேலையே, சொல்லைப் பிடித்துத் தொங்காதே, போய்ப் பார்.