கால் எட்டும் ஆழம்

"எனக்கும் வருமா அம்மா?"

மலையடிவாரத்து மடத்துக்குள் நுழைந்ததும் வைத்திலிங்கம் கேட்ட முதல் கேள்வி அது. தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

பூங்கோதை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்த மடத்தின் குரு அவள்தான். கேட்டவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் தேடி வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் அம்மாதான்.

"எது சார்?"

"எங்க அண்ணனுக்கு வந்தது."

"உட்காருங்க. கீரை உருவ வருமா?"

வைத்திலிங்கம் உட்கார்ந்தார். பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணுக்கே தெரியாத ஜீனையெல்லாம் பிரித்துப் பார்த்த மனுஷர். இங்கே ஒரு கொத்தை எடுத்து உருவினால், இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது.

பூங்கோதை அந்தக் காம்பை எடுத்துப் போட்டாள்.

"மூளைக்கு ரெண்டு வயசு அம்மா. பொறந்த தேதியை வெச்சு ஒண்ணு. ஸ்கேன் பார்த்து நாங்க சொல்றது ஒண்ணு. சிலபேருக்கு ரெண்டாவது முந்திக்கிட்டு ஓடும்."

"உங்களுக்கு?"

"முந்திருச்சு. கொஞ்சம்தான். ஆனா முந்திருச்சு."

"சரி."

"அப்படி முந்தவைக்கிற ஜீன்ல சிலது, மனசு கலங்கிப்போறவங்ககிட்டயும் இருக்கு. ரெண்டு மரத்துக்கும் அடியில வேர் பின்னிக் கிடக்கற மாதிரி. எங்க அண்ணன் ரத்தத்துல நான் பார்த்ததுல பாதிக்குமேல என் ரத்தத்துலயும் இருக்கு."

"அப்ப வந்துருமா?"

"அப்படிச் சொல்லிட முடியாது. ஒவ்வொண்ணும் துளித் துளியாத்தான் தள்ளும். வாழற விதமும் இருக்கு. வரலாம், வராமலும் போகலாம்."

"நான் சொல்லவேண்டியதை நீங்களே சொல்லிட்டீங்களே சார். இன்னும் என்ன கேக்குறீங்க?"

வைத்திலிங்கம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போறதை நிறுத்திட்டேன். யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. தினமும் காலையில நட்சத்திரம் அத்தனையும் ரேவதியிலருந்து தலைகீழாச் சொல்லிப் பார்ப்பேன், மூளை சரியா இருக்கான்னு. போன வாரம் சதயம் வரவே இல்ல. அன்னிக்கு முழுக்கச் சோறு இறங்கல. 'வராத நோய்க்கு இப்பவே படுத்துட்டீங்க'ன்னு வீட்ல திட்டறா."

பூங்கோதை அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"மரகதம்! நட்சத்திரம் அத்தனையும் தலைகீழாச் சொல்லு பார்ப்போம்."

"நேராவே வராது எனக்கு! உலை கொதிக்குது, அரிசி போடவா, நட்சத்திரம் போடவா?"

வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அண்ணனைப் பத்திச் சொல்லுங்க."

"கலியமூர்த்தி. என்னைவிட ஆறு வயசு பெரியவன். காலேஜ்ல படிக்கிறப்போ யாரோ காதுல பேசறாங்கன்னான். அப்படியே போச்சு. இப்போ மறதியும் சேர்ந்துக்கிச்சு. டவுன்ல ஒரு விடுதியில இருக்கான்."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கப் போனப்போ."

பூங்கோதையின் கை காம்பிலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி உருவத் தொடங்கியது.

"உங்க ஊர்ல ஆறு உண்டா சார்?"

என்னடா இது, எதையோ கேட்டால் எதற்கோ போகிறாளே என்று அவருக்கு இருந்தது. இருந்தாலும் சொன்னார்.

"வாய்க்கால் உண்டு. அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். மழை பெய்ஞ்சா கலங்கல் தண்ணி. ஆழமே தெரியாது."

"அப்புறம் எப்படி இறங்குவீங்க?"

"அண்ணன் முதல்ல இறங்குவான். என்னைக் கரையில நிக்கச் சொல்லிட்டு நடுவுல போய் நின்னு, தண்ணி எதுவரைக்கும் இருக்குன்னு உடம்புல கைவெச்சுக் காட்டுவான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. 'கால் எட்டுதுடா, வா'ன்னா நான் இறங்குவேன். ஒருநாள் தலைக்குமேல போயிருச்சு. எப்படியோ தத்தளிச்சுத் திரும்பி வந்தான். 'இன்னிக்கு வேண்டாம்டா'ன்னான். இந்த விஷயத்துல மட்டும் பொய்யே..."

வைத்திலிங்கம் பாதியில் நிறுத்திவிட்டார்.

பூங்கோதை உருவிய கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நான் இன்னும் இறங்காதவ சார். கரையில உங்க பக்கத்துலதான் நிக்கிறேன். என்னைப் போய் ஆழம் கேக்குறீங்களே."

*

மறுநாள் காலை வைத்திலிங்கம் பஸ்ஸில் டவுனுக்குப் போனார். சாயங்காலம் திரும்பினார்.

"கேட்டீங்களா?"

"டாக்டரைப் பார்த்தேன் அம்மா. மாத்திரை மாத்தியிருக்காங்க. மறதிக்கும் தனியா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. தூக்கம் பரவாயில்லையாம்."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"புங்க மரத்தடியில உட்கார்ந்திருந்தான். வாசல்ல நின்னு பார்த்தேன்." குரல் இறங்கியது. "கிட்டப் போகல. அவனுக்கு என்னை அடையாளம் தெரியுமோ என்னமோ."

"உங்களுக்கு அவரைத் தெரிஞ்சுதா?"

வைத்திலிங்கம் யோசித்தார். மரத்தடியில் அவர் பார்த்தது கூன் விழுந்த முதுகை, நடுங்கும் விரலை, சரிந்த உதட்டை. தனக்கு வரப்போகும் ஒவ்வொன்றையும் பார்த்து வைத்துக்கொண்டார். அண்ணனைப் பார்த்தாரா?

"பயமா இருந்துச்சு அம்மா."

"இருக்கும். நாளைக்குப் போய் அவர்கிட்டயே கேளுங்க. கேக்காம வந்தா இங்க உங்களுக்குச் சோறு கிடையாது."

"நெசமாத்தான் சொல்றாங்க," என்றாள் மரகதம் உள்ளேயிருந்து. "எனக்கே ஒருதரம் போடல."

*

புங்க மரத்தடியில் அதே பெஞ்சு. அதே கூன் முதுகு.

வைத்திலிங்கம் இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நின்றால் கால் திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். நேராக நடந்து முன்னால் போய் நின்றார்.

கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

பிறகு மெல்ல வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். உள்ளங்கையை மேலாக வைத்துக் கையை நீட்டினார். ஊசி குத்த வசதியாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.



"இல்லண்ணா. ரத்தம் எடுக்க வரல."

நீட்டிய கை நீட்டினபடியே இருந்தது.

"பின்னே?"

"ஒண்ணு கேக்க வந்தேன்."

"நீ யாரு?"

"வைத்தி."

"வைத்தி சின்னப் பையனாச்சே." கலியமூர்த்தி அவருடைய நரைத்த தலையைச் சந்தேகத்தோடு பார்த்தார். "உனக்கு வயசாயிருச்சே!"

"ஆமாண்ணா. ஆயிருச்சு."

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா?"

"வாய்க்கால்ல தண்ணி வந்திருக்கு." எங்கிருந்து வந்தது இந்தச் சொல் என்று வைத்திலிங்கத்துக்கே தெரியவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "கலங்கலா இருக்கு. எனக்குப் பயமா இருக்குண்ணா. நீ உள்ளே நிக்கிற. எவ்வளவு ஆழம்னு சொல்லேன்."

கலியமூர்த்தி காதருகே யாரோ எதையோ சொல்ல, அதற்குத் தலையை அசைத்தார். "சும்மா இருங்க, தம்பி கேக்கறான்" என்று அவர்களை அடக்கினார்.

பிறகு இடது கையைத் தூக்கித் தலைக்கு மேலே, எட்டும் உயரத்துக்குப் பிடித்துக் காட்டினார்.

"சில நாள் இவ்வளவு. மூச்சு விட முடியாது."

வைத்திலிங்கம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கை இறங்கியது. நெற்றி. தாடை. நெஞ்சில் வந்து நின்றது. விரல்கள் நடுங்கின. ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"இன்னிக்கு இவ்வளவுதான். கால் எட்டுது."

"நான்..." வைத்திலிங்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "நானும் இறங்க வேண்டி வந்தா?"

"நான் இறங்கினப்போ உள்ளே யாருமே இல்லடா." கலியமூர்த்தி குனிந்து, ரத்தத்துக்காக நீட்டி வைத்திருந்த அந்த வலது கையை இன்னும் கொஞ்சம் தம்பி பக்கமாக நீட்டினார்.

"உனக்கென்ன, நான் இருக்கேன். இதைப் பிடிச்சுக்கோ."