மேடையில் ஓடிய தாளம்

வள்ளி வேடம் என்றால் அபரஞ்சிதான் என்று ஊர் சொன்ன காலம் ஒன்று இருந்தது. முழங்கால் கெட்ட பிறகு அவர் ஆடுவதை விட்டார். ஒரு குழுவைச் சேர்த்து, நாட்டியம் சொல்லிக் கொடுத்து, நாடகங்களை இயக்கினார். மேடையோரம் உட்கார்ந்து கைத்தாளம் போட்டு ஜதி சொல்வதும் அவரே.

வள்ளி வேடம் இப்போது அவருடைய மாணவி தமயந்திக்கு.

ஒத்திகையில் நிதானமாகப் போகும் ஜதி மேடையில் மட்டும் ஏன் ஓடுகிறது என்று தமயந்திக்குச் சந்தேகம். முதலில் தன் பயம் என்று நினைத்தாள். கும்பகோணத்து மேடையில் மூச்சுத் திணறிக் கடைசி அடியைத் தவறவிட்டபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். டீச்சர் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளம் குறையவில்லை.

அதன்பிறகு எல்லாமே சந்தேகமாயிற்று. டீச்சர் பாராட்டினால் ஏன் என்று யோசித்தாள். அவர் கொடுத்தனுப்பிய பாலைக் குடிக்காமல் வைத்தாள்.

மிருதங்கக்காரர் வரதனிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"அவங்க போடுற தாளத்துக்கு நான் வாசிக்கிறேன். உங்க சண்டைக்கு என்னை வாசிக்கச் சொல்லாதே," என்று அவர் மிருதங்கத்துக்கு உறை போட்டார்.

மதுரை நாடகத்துக்கு முந்தைய நாள் ஒத்திகையில் அவள் சலங்கை கட்டவில்லை.

"நாளைக்கு வேற யாரையாவது ஆடச் சொல்லுங்க டீச்சர்."

"ஏன்?"

"மேடையில வேணும்னே தாளத்தை ஓட்டுறீங்க. உங்களுக்கு என் மேல பொறாமை."

"பொறாமை உண்டு," என்றார் அபரஞ்சி. "ஓட்டுறதும் நிஜம்."



டீச்சர் கைத்தாளத்தைத் தமயந்தியின் கையில் கொடுத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"நான் ஆடுறேன். மேடையில உனக்குப் போடுற அதே வேகத்துல போடு."

போட்டாள். அடி வைக்கும்போது டீச்சரின் முகம் சுருங்கியது. இதுவும் நடிப்போ என்று உற்றுப் பார்த்தாள். முழங்கால் நடுங்கியது. அந்த நடுக்கத்தை யாரும் நடிக்க முடியாது. தமயந்தியின் கை தானாக மெதுவாயிற்று.

அபரஞ்சி நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது.

"ஏன் குறைச்சே?"

"உங்களால முடியாதுன்னு தோணிச்சு."

டீச்சர் கையை நீட்டினார். அவள் கைத்தாளத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கும்பகோணத்துல நீ தடுமாறினப்பக்கூட நான் குறைக்கல. உன்னால முடியாதுன்னு எனக்குத் தோணல," என்றார் அபரஞ்சி. "சலங்கையைக் கட்டு."