மகுடம் வைத்தால் திறக்காத மடை

குவளை நாட்டு மகாராஜா பரிவல்லபருக்கு எதன்மேல் ஆசை வந்தாலும் அது அரண்மனைக்குள் வந்துவிடும். அப்படித்தான் கணினியும் வந்தது. சிங்காசனத்தில் உட்கார்ந்தபடியே பெரிய ஏரியின் மடைக் கதவுகளைத் திறக்க ஒரு செயலி வேண்டும் என்றார். சபையில் வாயாடி என்றும் கெட்டிக்காரன் என்றும் பெயரெடுத்த நக்கண்ணன் அதைச் செய்து அரசரின் கணினியில் போட்டுக் கொடுத்தான்.

தளபதி இடும்பவேளுக்கு வயிறு எரிந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. "இனி இந்தத் துருப்பிடித்த இரும்பு எதற்கு?" என்று மடையைக் கையால் திறக்கும் சக்கரங்களைக் கழற்றி உருக்கிப் பீரங்கி வார்த்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பியது. கீழத்தெரு ஜனங்கள் சட்டி பானையோடு அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள்.

மகாராஜா செயலியைத் திறந்தார். திறந்தது. ஏரியின் நீர்மட்டம் தெரிந்தது. ஆனால் 'மடையைத் திற' என்ற பொத்தான் மங்கிக் கிடந்தது. பக்கத்தில், 'நிர்வாகிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"இந்த நாட்டுக்கு நிர்வாகி என்னைத் தவிர வேறு யார்?" என்று மீசையை முறுக்கியவர், செயலியை மூடிவிட்டு, 'நிர்வாகியாக இயக்கு' என்பதை அழுத்தினார். கடவுச்சொல்லையும் கொடுத்தார். 'டொங்' என்று ஒரு சத்தம். ஏதோ ஒரு அறிவிப்பு வந்தது. செயலி திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். மறுபடி டொங்.

தளபதி கணினியை அணைத்துப் போட்டார். எலுமிச்சம்பழம் சுற்றினார். திரையைப் பார்த்து வாளைக்கூட உருவினார். டொங்!

"பார்த்தீர்களா மகாராஜா? சாதாரண ஆளாகக் கேட்டால் திறக்கிறது, அரச அதிகாரத்தோடு கேட்டால் மறுக்கிறது. இது ராஜத்துரோகம்! செய்தவன் நக்கண்ணன்!"

அரசரின் கண் சிவந்தது. "நக்கண்ணா! கரை உடைவதற்குள் இது என் அதிகாரத்துக்குப் பணிய வேண்டும். இல்லையென்றால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது!"

நக்கண்ணன் திரைக்கு முன்னால் குனிந்தான். இதுவரை யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். வந்த அறிவிப்பைப் படித்தான். 'பாதை தெரியவில்லை' என்றிருந்தது. செயலி எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தவன் நிமிர்ந்தான்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். எண்ணெய்க்காரச் சந்தில் இருக்கும் குழிப்பணியாரக் கடைக்கு எப்படிப் போவது?"

சபை திடுக்கிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகாராணி மெல்லத் திரும்பி அரசரைப் பார்த்தார். அரசருக்கு வியர்த்தது.

"எனக்கெப்படித் தெரியும்? அரசன் சந்து பொந்தெல்லாம் சுற்றுவானா?"

"சரி. ஜனங்களின் குறை கேட்க மாறுவேடத்தில் போவாரே, ஒரு வளையல் வியாபாரி... அவருக்குத் தெரியுமா?"

"அவன் கண்ணை மூடிக்கொண்டே போவான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அரசர் இருமினார்.

"இரண்டு பேரும் ஒருவர்தானே?"

"மெதுவாகப் பேசடா!"

"இந்தக் கணினியின் கதையும் இதேதான் மகாராஜா. செயலி இப்போது இதற்குள் இல்லை. யாரோ படைப் பாசறையில் இருக்கும் கணினிக்கு மாற்றிவிட்டு, இங்கிருந்து அங்கே ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். பாதையைப் போட்டது சாதாரண ஆளின் பெயரில். அதனால் அவருக்குத் தெரிகிறது. அவரே நிர்வாகி மகுடத்தை வைத்துக்கொண்டால் வேறு ஆளாகிவிடுகிறார். வழி தெரியாமல் நிற்கிறார்."

"யார் மாற்றியது?"

தளபதி கூரையை அண்ணாந்து பார்த்தார். "என் கண்பார்வையில் இருக்கட்டுமே என்றுதான்..."

"அதற்கு இப்போது என்ன வழி?" என்றார் அரசர்.

"அரசர் சந்துக்குப் போக முடியாதென்றால், கடையை அரண்மனைக்குக் கொண்டுவர வேண்டியதுதான்!"

நக்கண்ணன் செயலியைப் பாசறையிலிருந்து அரசரின் கணினிக்குள்ளேயே பிரதி எடுத்து வைத்தான். "இப்போது மகுடத்தோடு அழுத்துங்கள்."

அரசர் 'நிர்வாகியாக இயக்கு' என்பதை அழுத்தினார். டொங் இல்லை. செயலி திறந்தது. மங்கிக் கிடந்த பொத்தான் பளிச்சென்று எரிந்தது. தட்டினார். தூரத்தில் மடை திறந்து தண்ணீர் இரைகிற சத்தமும், அதைவிடப் பெரிதாக வாசலில் ஜனங்களின் ஆரவாரமும் கேட்டன.

அரசர் எழுந்து வந்து நக்கண்ணனைக் கட்டிக்கொண்டார். முத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"இது போதாது. இன்று முதல் இந்த நாட்டுக்கே நீதான் நிர்வாகி!"

நக்கண்ணன் பதறிப்போய்க் காலில் விழுந்தான். "வேண்டாம் மகாராஜா! மாலையே போதும். நிர்வாகியாகிவிட்டால் சாயங்காலம் நான் என் வீட்டுக்கு எப்படிப் போவேன்? வழி தெரியாதே!"

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் கழன்று மடியில் விழுந்தது.