துபாசி சொன்ன அர்த்தம்

முன்னொரு காலத்தில் மேலக்கானாட்டைக் கண்டீரவ ராசா ஆண்டு வந்தார். எதையும் தோண்டித் துருவிக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் வந்து போனதிலிருந்து இங்கிலீஷ் பைத்தியம் வேறு பிடித்துக்கொண்டது. அந்த வருடம் மழை பொய்த்தது. மந்திரி இளங்கண்ணனார் யோசனைப்படி கஞ்சித்தொட்டி திறந்த ராசா, வியாபாரியிடம் கேட்ட புதுச் சொல் ஒன்றையும், அர்த்தம் தெரியாமலே, ஆசையாக ஆணையில் சேர்த்துவிட்டார்: "டெஸ்டிட்யூட் ஆனவர்களுக்கு மட்டும் கஞ்சி."

அர்த்தம் சொல்ல வேண்டியவர் துபாசி மாசிலாமணி. மொழிபெயர்ப்பதுதான் அவர் வேலை. மந்திரிக்கு நல்ல பேர் கிடைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு துரும்புகூட இல்லாதவர் என்று அர்த்தம், மகாராசா" என்றார்.

மறுநாள் கஞ்சி அப்படியே மிஞ்சியது. இதென்ன அதிசயம் என்று ராசா வாசலில் நின்ற பேச்சாயி என்ற ஏழைப் பெண்ணை அழைத்துக் கேட்டார்.

"சட்டியோட போனா, ஒனக்குத்தான் சட்டி இருக்கே, போங்கிறாக. வெறுங்கையோட போனா, எதுல வாங்குவேங்கிறாக. புள்ளைக நேத்திலேருந்து பச்சத்தண்ணியில கெடக்கு சாமி."

ராசாவுக்கு மனசு கலங்கியது. துபாசியோ, "அர்த்தத்தை மாற்ற முடியுமா? மந்திரியாருக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று இளித்தார்.

"தெரியாதுதான்" என்றார் மந்திரி. "கஞ்சி ஆறுவதற்குள் பந்தியில் உட்கார்ந்து பேசுவோமே."

பந்தியில் எல்லார் இலையிலும் சோறு விழுந்தது. துபாசி இலை மட்டும் வெறிச்சென்று கிடந்தது.

"எனக்கு?"

"உமக்குத்தான் இலை இருக்கிறதே. காதில் கடுக்கன் வேறு" என்றார் மந்திரி.

"கடுக்கனைக் கடித்தால் பசி அடங்குமா ஐயா?"

ராசா பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டார். "வியாபாரி உமக்கு என்ன அர்த்தம் சொன்னான்? நிஜத்தைச் சொல்லும்."

துபாசி தலையைத் தொங்கப் போட்டார். "பிழைக்க வழியில்லாதவர் என்று சொன்னான், மகாராசா."

ராசா பாதிச் சாப்பாட்டில் எழுந்து அவரைக் கஞ்சித்தொட்டிக்கு இழுத்துப் போனார்; மந்திரியும் கூடப் போனார். "இளங்கண்ணனாரே, இனி கஞ்சி ஆணையை நீரே தமிழில் எழுதும்" என்று தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு துபாசி கையில் அகப்பையைத் திணித்தார்.

"எங்கே, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லும் பார்ப்போம்."

பேச்சாயி சட்டியை நீட்டினாள். துபாசி வாயே திறக்காமல் அது நிறையும்வரை ஊற்றினார்.

"பிழையில்லாத வாக்கியம்" என்றார் ராசா.